மணிமேகலையில் வளர்ப்பும் நெறிபிறழ்வும்

முன்னுரை

மனிதன் பிறக்கும்பொழுதே சமுதாய உயிரியாகப் பிறப்பதில்லை. வீடும் ஊரும் இனமும் கல்வியும் அவனை அங்ஙனம் ஆக்குகின்றன. இவ்வாக்கத்தைச் சமுதாய வளர்ப்பு என்றும், சமுதாயம் வகுத்த ஒழுங்கினின்று விலகி நடத்தலை நெறிபிறழ்வு என்றும் சமுதாயவியலார் வழங்குவர். வளர்ப்புக் குன்றினால் ஒழுக்கம் குன்றும் என்பது கேட்ட அளவில் எவரும் உடன்படும் கருத்தாகும். அறநூல்களையும் காப்பியங்களையும் கற்பிக்கும் நாமும் தீமை செய்த மாந்தர் ஒவ்வொருவரையும் சுட்டி, இவர் நன்கு வளர்க்கப்படாதவர் என்று கூறி அமைதி கொள்கின்றோம்.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை இவ்வமைதிக்கு இடந்தரும் நூலன்று. 1898ஆம் ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்து வெளியிட்ட நாள்தொட்டு அந்நூல் பெரிதும் பௌத்த சமயக் கருவூலமாகவும் சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாகவுமே பயிலப்பட்டு வருகின்றது. அதன்கண் பிறழ்ந்தோரும், பிறழ்ந்தோர் எனப் பெயர் பெற்றோரும் வரிசையாக வருதலும், அவர் ஒவ்வொருவர்க்கும் புலவர் வெவ்வேறு காரணம் அமைத்திருத்தலும் போதிய அளவில் நோக்கப்படவில்லை. அவர்களை ஒருங்கு வைத்து நோக்கின், வளர்ப்புக் குறையால் வரும் பிறழ்வு ஒருவகையே என்பதும், அரசும் ஊரும் பிறழ்வு என்று தண்டித்தவற்றுள் சில உண்மையில் அவற்றின் வளர்ப்பினும் உயர்ந்த அறம் என்பதும் புலனாகும். இதனை நூலின் அகச்சான்று கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சமுதாயவியலார் கூறுவன

ஒப்புநோக்குக்கு வேண்டிய அளவில் சமுதாயவியலார் கருத்துக்களை ஈண்டுத் தொகுத்துக் கூறலாம். குடும்பம், விளையாட்டுத் தோழமை போன்ற நெருங்கிய குழுக்களே மனித இயல்பை உருவாக்குவன என்று சார்லசு கூலி 1909ஆம் ஆண்டில் கூறி, அவற்றை முதல்நிலைக் குழுக்கள் எனப் பெயரிட்டார். குற்றமும் பிற ஒழுக்கங்களைப் போலவே நெருங்கிப் பழகுவோரிடத்துக் கற்கப்படுவது என்றும், செய்யும் முறையோடு செய்வதற்கான நியாயங்களும் உடன் கற்கப்படுகின்றன என்றும் எட்வின் சதர்லாந்து 1947ஆம் ஆண்டுப் பதிப்பில் விளக்கினார். பிணிப்புத் தளர்ந்தவிடத்துப் பிறழ்வு தோன்றும் என்பது 1969ஆம் ஆண்டில் டிராவிசு ஹெர்ஷி வெளியிட்ட கொள்கை.

இவற்றிற்கு மறுதலையான கருத்துக்களும் உள. சமுதாயம் கற்பித்ததை அப்படியே உட்கொண்ட பதுமையாக மனிதனைக் கருதுதல் பிழை என்று 1961ஆம் ஆண்டில் டென்னிசு ராங் எழுதினார். பிறழ்வு என்பது செயலின் தன்மையன்று, அச்செயலின்மேல் பிறர் தம் விதியை ஏற்றிப் பெயரிடுதலின் விளைவே என்று ஹோவர்டு பெக்கர் 1963ஆம் ஆண்டில் வற்புறுத்தினார். இவர்கட்கெல்லாம் முன்னரே, 1895ஆம் ஆண்டில், குற்றம் எனப்பட்டது சில வேளைகளில் வருங்கால ஒழுக்கத்துக்கு வழிகோலும் என்று சாக்ரட்டீசை எடுத்துக்காட்டி எமில் டர்க்கைம் கூறியுள்ளார். இக்கொள்கைகள் ஒன்றற்கொன்று முரணியன போலத் தோன்றினும், ஒரு நூலின் பல மாந்தர்மேல் தனித்தனியே பொருந்தக்கூடும். சாத்தனாரின் நூல் அதற்கு இடந்தருகின்றது.

வளர்ப்புக் குன்றியோர்

வளர்ப்பின்மையால் வந்த கொடுமைக்கு நூலுள் தெளிவான சான்று ஆதிரை பிச்சையிட்ட காதையில் வரும் நாகர் மலை. கலம் உடைந்து, மரந்துணையாகக் கரையேறிக் கிடந்த சாதுவனை ஆடையற்ற நாகர் உணவெனக் கண்டு நெருங்குகின்றனர். அவன் அவர்தம் மொழியைப் பழுதறக் கற்றவன். ஆகலின் அவனை உண்ணாது தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவனோ கள்ளும் ஊனும் என்பும் சூழத் தன் துணைவியோடு இருக்கின்றான். வந்தவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் தருக என்று அவன் பணிப்பது பகைமையால் அன்று. அவன் அறிந்த விருந்தோம்பல் அதுவே. சாதுவன் மறுத்தவழி, பெண்ணும் உண்டியும் இல்லாத வாழ்க்கையில் பயன் யாது என்று அவன் வினவும் வினாவில் வஞ்சம் சிறிதும் இல்லை. அறத்தை மறுத்தவனாக இன்றி, அதனைக் கேட்டறியாதவனாகவே புலவர் அவனைப் படைத்திருக்கின்றார்.

இப்பகுதியுள் நுணுகி நோக்கற்பாலது சாதுவன் கற்பிக்கும் முறை. முதற்கண் அவர்தம் மொழியில் பேசுகின்றான். அடுத்து, இறப்பும் பிறப்பும் உறங்குதலும் விழித்தலும் போல்வன என்று அவர் அறிந்த அனுபவத்தைக் கொண்டே அறியாததை விளக்குகின்றான். தலைவன் நகுகின்றான், பின்னர் வினவுகின்றான், முடிவில் பணிகின்றான். எனினும் கள்ளும் ஊனும் கைவிட்டு வாழ்தல் தமக்கு இயலாது என்றும், தமக்கு இயலும் அறத்தை உரைக்குமாறும் வேண்டுகின்றான். அதற்குச் சாதுவன் முழுத்துறவை விதிக்கவில்லை. கலங்கவிழ்ந்து வருவாரைக் கொல்லற்க, மூத்து விளியும் விலங்குகளையன்றிப் பிறவற்றைக் கொல்லற்க என்ற அளவோடு நிற்கின்றான். கற்போன் நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலேற்றுவதே கல்வி என்னும் உண்மை இங்கே காப்பிய நிகழ்ச்சியாகின்றது. முன்னர்க் கொன்றோரிடம் கவர்ந்த அகிலும் சாந்தமும் ஆடையும் நாகர் தலைவன் சாதுவனுக்கு வழங்குதல், பழைய கொள்ளைப் பொருளே புதிய நட்பின் கையுறையாக மாறிய மாற்றத்தைக் காட்டும்.

இரண்டாவது சான்று சிறைவிடு காதையில் உள்ளது. மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலையின் நோன்பைக் கெடுக்க எண்ணி, ஓர் இளைஞனை அழைத்துக் கை நிறையப் பொருள் கொடுத்து ஏவுகின்றாள். அவனுக்குப் புலவர் பெயரிடவில்லை. ‘கல்லா’ என்னும் ஓர் அடையே அவனுக்குரிய முழு வரலாறு. கல்லாமையும் வறுமையும் உடைய ஒருவனை அதிகாரம் உடையவர் கருவியாகக் கொள்ளுதல் அவ்வொரு சொல்லால் உணர்த்தப்படுகின்றது. மணிமேகலை ஆணுருக் கொண்டு நிற்பதைக் கண்ட அவன், அரசியின் உரிமைமனையில் ஆடவர் புகார் என்பதனை உன்னி, தன்னைக் கொல்ல இட்ட சூழ்ச்சியோ என அஞ்சி ஊரைவிட்டே அகல்கின்றான். பின்னர் அவனைப் பற்றி நூல் யாதும் கூறவில்லை. அரசிக்கு மணிமேகலை அறம் உரைக்கின்றாள்; ஏவப்பட்ட இளைஞனுக்கு எவரும் உரைத்திலர். நாகர்க்கும் கிட்டிய கல்வி புகார் நகரத்துக் கல்லா இளைஞனுக்குக் கிட்டாமற் போனது இக்காப்பியத்தின் ஒரு குறை என்றே கொள்ளல் வேண்டும்.

கற்றும் பிறழ்ந்தோர்

நாகர் மலையில் ஆசிரியனாக நின்ற சாதுவன் யாவன்? ஆதிரை போன்ற மனைவியை உடையவன். கணிகை ஒருத்தியோடு கூடிச் சூதாடிப் பொருளெல்லாம் இழந்து, அவளாலும் கைவிடப்பட்டுக் கடல்வழி ஏறியவன். நன்கு வளர்ந்தவனே பிறழ்ந்தான். பிறழ்ந்தவனே பிறர்க்கு நெறி காட்டினான். ஒருமுறை பிறழ்ந்தோர் எக்காலத்தும் பிறழ்ந்தோரே என்னும் கருத்தைப் புலவர் ஏலாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

உதயகுமரன் நிலை வேறு. அவன் அரசிளங்குமரன். மதங்கொண்டு நகரை அலைத்த காலவேகம் என்னும் களிற்றை அடக்கிய உடனேயே நூல் அவனை நமக்கு அறிமுகம் செய்கின்றது. யானையின் மதத்தை அடக்கியவன் தன் வேட்கையை அடக்க மாட்டாதவனாக அடுத்த நொடியே மணிமேகலையைத் தேடி உவவனம் புகுகின்றான். அறிவுரை அவனுக்குக் கிட்டாமற் போகவில்லை. சுதமதி யாக்கையின் இயல்பை உரைக்கின்றாள். அரசன் முறை பிறழின் நாட்டின் இயற்கையே பிறழும் என்று மணிமேகலா தெய்வம் எச்சரிக்கின்றது. அவன் உள்ளமும் ஒருகால் ஐயுற்று நிற்கின்றது. அந்த ஐயத்தைக் களைபவள் சித்திராபதி. தேவர் தலைவனும் தீக்கடவுளும் பிறர் மனைவியரை விழைந்தமையை எடுத்துக் கூறியும், கணிகையர் குலமகளிர் ஆகாமையைச் சுட்டியும், அவன் தயக்கத்தை நகைத்து அவனைத் தேரேற்றுகின்றாள். குற்றம் செய்வோன் செயலை மட்டுமன்றி அதற்கான நியாயத்தையும் பிறரிடம் கற்கின்றான் என்ற சதர்லாந்தின் கருத்துக்கு இக்காட்சி உரைகல் போல் அமைகின்றது. சிற்றினம் சேராமையைத் திருவள்ளுவர் தனி அதிகாரமாக வகுத்து, உள்ளத்தின் தூய்மையை இனத்தின் தூய்மையோடு பிணைத்தமையும் ஈண்டு நினைதற்குரியது.

ஆயினும் சித்திராபதி ஒருத்தியின் மேல் பழி முழுவதையும் சுமத்துதல் முறையன்று. தெய்வத்தின் சொல்லினும் கிழவியின் சொல் அவன் செவியில் எளிதாக ஏறியதற்கு அவன் இருந்த இடம் காரணம். விரும்பியதைப் பெறுதல் அரசிளங்குமரன் உரிமை என்று அரண்மனை வாழ்க்கை அவனுக்குச் சொல்லாமற் சொல்லி வந்துள்ளது. அவனுக்கு வளர்ப்பு இல்லாமற் போகவில்லை. கிடைத்த வளர்ப்பு தடையறியாத வளர்ப்பாக இருந்தது. மகன் கொலையுண்டதை முனிவர்வழி அறிந்த சோழன், கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட முன்னோனை நினைந்து, அத்தகைய குடியில் இத்தீயோன் தோன்றினானே என்று வருந்துகின்றான். குடியைப் பற்றிப் பேசும் அவன், தான் வளர்த்த முறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தந்தையின் இம்மௌனம் நூலுள் எவராலும் வினவப்படாமை கருதத்தக்கது.

இதனோடு ககந்தன் வரலாற்றையும் ஒப்புநோக்குதல் வேண்டும். சிறைசெய் காதையில் முனிவர் இவ்வரலாற்றை அரசனுக்கு உரைக்கின்றனர். காந்தன் என்னும் சோழ வேந்தன் தன் காவற்கணிகையின் மகனாகிய ககந்தனிடம் நகரைக் காக்குமாறு ஒப்படைக்கின்றான். ககந்தனின் மைந்தர் இருவரும் மருதி, விசாகை என்னும் மகளிரிடத்து முறையிறந்து ஒழுக, தந்தையே அவ்விருவரையும் தண்டிக்கின்றான். கணிகை வயிற்றில் பிறந்தவன் முறை தவறாது நிற்க, காவலன் மனையில் வளர்ந்த அவன் மக்கள் தவறுகின்றனர். குடிப்பிறப்பு ஒழுக்கத்துக்கு உறுதி தராது என்பதைப் புலவர் அரசன் செவியிலேயே ஏற்றுகின்றார். அரசன் அதனை உணர்ந்தானாகத் தெரியவில்லை.

பசியும் வளனும்

வளர்ப்பு முற்றியவரையும் சூழல் பிறழச் செய்யும் என்பதற்குப் பாத்திரம் பெற்ற காதை சான்று. பசி என்பது குடிப்பெருமையை அழிப்பது, கல்வியைக் கைநழுவச் செய்வது, நாணைப் போக்குவது என்று அக்காதை அடுக்கிக் கூறும். இவை மூன்றுமே வளர்ப்பால் ஒருவனுக்கு வருவன என்பதை உற்று நோக்குக. வீடும் பள்ளியும் பல்லாண்டு முயன்று கட்டியதைப் பசி சில நாளில் இடித்துவிடும் என்பது இதன் கருத்து. பெருந்தவத்தோனாகிய விசுவாமித்திரன் வற்கடத்தில் நாயூன் தின்னத் துணிந்த கதை அங்கே எடுத்துக்காட்டாகின்றது. அந்நிலையிலும் அவன் உண்ணுமுன் தேவர்க்குப் பலியிட முற்படுகின்றான். பழைய பயிற்சி முற்றும் அழியவில்லை. ஆயினும் பசியின் முன் அது தன் பொருளை இழந்து வெறுஞ் சடங்காகி நிற்கின்றது.

பசி நீங்கினால் பிறழ்வு நீங்குமோ எனின், சாத்தனார் அதனையும் எளிதாக உடன்படவில்லை. பாத்திர மரபு கூறிய காதையில் இந்திரன் மழை பொழிவித்து நாட்டை வளமுறச் செய்கின்றான். ஆபுத்திரனிடம் உணவு வேண்டி வருவார் எவரும் இலர் ஆகின்றனர். பலர் உண்ணும் ஒலி எழுந்த அம்பலத்தில் காமுகரும் தூர்த்தரும் பொறுப்பற்றுத் திரிவாரும் கூடி, வட்டும் சூதும் வீண்பேச்சுமாகப் பொழுது போக்குகின்றனர். இச்சிறு பகுதியைக் கதையின் இணைப்புக் கண்ணியாக மட்டும் கருதிக் கடந்து செல்வோர் பலர். எனினும் பொருளால் இது பெரிது. வறுமைக் காலத்தில் அம்பலம் மக்களை ஒருவரோடொருவர் பிணித்தது. வளம் வந்ததும் அப்பிணிப்பு அறுந்தது. வேறு பிணிப்பு எதுவும் அதனிடத்தில் தோன்றவில்லை. திடீரெனப் பெருகும் வளமும் திடீரென வரும் வறுமை போலவே மக்களின் நெறியைக் குலைக்கும் என்று டர்க்கைம் 1897ஆம் ஆண்டில் தற்கொலை பற்றிய நூலில் காட்டிய உண்மையோடு இஃது ஒத்துச் செல்கின்றது. உணவு இன்றியமையாதது, உணவு மட்டும் போதாது என்னும் இருமுனை உண்மையை இவ்விரு காதைகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

பிறழ்ந்தோர் எனப் பெயர் பெற்றோர்

இனி, இக்கட்டுரையின் மையமாகிய ஆபுத்திரன் வரலாற்றுக்கு வருவோம். கணவனுக்குத் தவறிழைத்துக் குமரியாட வந்த சாலி என்பவள் வழியில் ஈன்று, தோட்டத்தில் மறைவாகக் கைவிட்ட குழவி அவன். ஆ ஒன்று ஏழுநாள் பாலூட்டிக் காக்கின்றது. வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து, அந்தணர்க்குரிய கல்வி அனைத்தையும் குறைவறக் கற்பிக்கின்றான். வளர்ப்புக் குறை என்று சொல்லத்தக்க தொடக்கம் அவனுக்கு இருந்தது. ஆனால் அது முழுமையாக நிறைவு செய்யப்பட்டது. ஊரின் அளவுகோல்படியே அவன் நன்கு வளர்க்கப்பட்டவன்.

அவன், வேள்விக்கெனக் கட்டப்பட்டு அஞ்சி நின்ற பசுவை நள்ளிரவில் அவிழ்த்துக்கொண்டு செல்கின்றான். ஊர் அதனைத் திருட்டு என்கின்றது. பிடித்து அலைக்கின்றனர், வெகுண்ட பசு உவாத்தியைக் குத்திக் காட்டகத்து ஓடுகின்றது. பிறந்த நாள்தொட்டு எல்லார்க்கும் பால் தரும் உயிரோடு நுமக்கு என்ன பகை என்று அவன் வினவுகின்றான். அவன் பிறப்பை இழித்துரைத்தவழி, விலங்கின் வயிற்றில் பிறந்தோராக அவர்கள் போற்றும் முனிவரையே பெயர் சுட்டி எதிருரைக்கின்றான். ஊர் தந்த கல்வியே ஊரை வினவும் படைக்கலமாகின்றது. ஆகவே அவன் செயல் கல்விக் குறையால் வந்ததன்று. தொட்டிலில் கிடைத்த பரிவும் பள்ளியில் கிடைத்த நூலும் ஒன்றையொன்று மறுத்த இடத்தில் அவன் பரிவின் பக்கம் நின்றான். கூலி கூறிய முதல்நிலைக் குழு இவனைப் பொறுத்தவரை ஒரு பசுவே என்றால் அது மிகையாகாது.

பின் நிகழ்ந்தவை பெக்கரின் கூற்றை நினைவூட்டுவன. வளர்த்த தந்தையும் அவனைக் கைவிடுகின்றான். அவன் பிச்சை ஏற்கும் ஊர்களில் ஆவைக் கவர்ந்த கள்வன் என்று சொல்லி ஓட்டிற் கல்லிடுகின்றனர். பெயர் அவனுக்கு முன்னே ஊர்தோறும் செல்கின்றது. இங்ஙனம் கள்வன் எனப் பெயரிடப்பட்டவன் அப்பெயருக்கேற்ப ஆகிவிடுதலும் உண்டு என்று எட்வின் லெமர்ட்டு 1951ஆம் ஆண்டில் விளக்கி, அதனை இரண்டாம் நிலைப் பிறழ்வு என்றார். ஆபுத்திரனோ அவ்வாறு ஆகவில்லை. தென்மதுரையில் சிந்தாதேவி கோயிலில் தங்கி, ஏற்ற பிச்சையைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், பிணியாளர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாகக் கொண்டு உறங்குகின்றான். அவனைக் காத்தது யாது? தன்னைத் தள்ளிய ஊருக்கு மாற்றாகத் தள்ளுண்டோரையே அவன் தன் சுற்றமாக ஆக்கிக் கொண்டான். பிணிப்பு அறுந்தவன் புதிய பிணிப்பைத் தானே முடைந்து கொண்டான் எனலாம்.

பெயரிடுதலின் நிலையாமையைப் புலவர் இன்னும் ஒரு நிகழ்ச்சியால் உணர்த்துகின்றார். மறுபிறப்பில் ஆபுத்திரன் சாவக நாட்டில் ஓர் ஆவின் வயிற்றில் தோன்றி, மகப்பேறு இல்லாத பூமிசந்திரன் என்னும் வேந்தனால் வளர்க்கப்பட்டுப் புண்ணியராசன் ஆகின்றான். முற்பிறப்பில் ஆவின் தொடர்பு அவனுக்கு இழிவு. இப்பிறப்பில் அதுவே சிறப்பு. ஒரே தொடர்பு ஓரிடத்தில் கல்லைத் தருகின்றது. ஓரிடத்தில் முடியைத் தருகின்றது. வேறுபட்டது அவன் இயல்பன்று, அவனைச் சூழ்ந்தோர் கண்ணே.

மணிமேகலையின் நிலையும் இத்தகையதே. கணிகையர் குலத்துக்குத் தனி வழக்கமும் பயிற்சியும் தண்டமும் இருந்தன. குலநெறி தவறிய நாடகமகளிரைச் செங்கல் சுமக்கச் செய்து அரங்கைச் சுற்றிவரச் செய்தலைச் சித்திராபதி தன் வஞ்சினத்தில் குறிப்பிடுகின்றாள். அக்குலத்தின் கண்ணில் மாதவியும் மகளும் பிறழ்ந்தோர். ஊர் அலர் உரைத்த காதை என்னும் பெயரே அவ்வாறு உரைக்கும் வாய்கள் பலவாதலை உணர்த்தும். ஒரு குழுவின் வளர்ப்பை முழுமையாகப் பெறாமையால் ஒருத்தி உயர்ந்தாள் எனின், வளர்ப்புக் குறை எப்பொழுதும் தீமை என்று எங்ஙனம் கூறுதல் கூடும்? சித்திராபதி தன் கடமையில் தவறாத வளர்ப்பாளி. அவள் வெற்றி பெற்றிருப்பின் மணிமேகலை என்னும் காப்பியம் இல்லை.

ஊழ் பற்றிய தடை

இவ்வாய்வுக்கு ஒரு தடை எழக்கூடும். மணிமேகலையில் நிகழ்வன அனைத்துக்கும் முற்பிறப்பு வினையே காரணமாகக் கூறப்படுதலின், வளர்ப்பையும் சூழலையும் அதன்கண் தேடுதல் வீண் என்பர் சிலர். உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலன் என்பதும், அன்று மணிமேகலை அவன் மனைவி இலக்குமி என்பதும் நூலே கூறுவன. அவன் வாளால் இறந்ததற்கும் கந்திற்பாவை காரணம் கூறுகின்றது. முனிவர்க்கெனச் சமைத்த உணவைக் கால் இடறிச் சிதைத்த மடைத்தொழிலாளனை இராகுலன் வெகுண்டு வாளால் வெட்டினான். அவ்வினை வந்து அவனைப் பற்றியது.

இக்காரணத்தை நன்கு நோக்கின், தடை தானே விலகும். முற்பிறப்புக் குற்றம் யாது? அதிகாரம் உடைய ஒருவன் தன்னினும் எளியான்மேல் சினத்தை அடக்காமை. இப்பிறப்புக் குற்றம் யாது? அதிகாரம் உடைய ஒருவன் தன்னினும் எளியாள்மேல் வேட்கையை அடக்காமை. இரண்டும் ஒரே பழக்கத்தின் இரு வெளிப்பாடுகள். ஊழ் என்பது ஈண்டு வெளியிலிருந்து வந்து தாக்கும் விசையாகத் தோன்றவில்லை. திருத்தப்படாத பழக்கம் பல பிறவிக்கு நீண்டதாகவே தோன்றுகின்றது. மேலும், வினையே முற்றும் காரணமாயின், சுதமதியும் தெய்வமும் அவனுக்கு அறிவுரை கூறியது எற்றுக்கு? திருந்தக்கூடும் என்ற நம்பிக்கை உள்ளவிடத்தே அறிவுரை நிகழும்.

சிறைக்கோட்டம்

பிறழ்ந்தோரைச் சமுதாயம் என்ன செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு நூல் தரும் விடை சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை. காயசண்டிகை வடிவில் நின்ற மணிமேகலை சிறைக்குள் புகுந்து, பசியால் வாடியோர்க்கு ஒரே பாத்திரத்தினின்று ஊட்டுகின்றாள். காவலர் வியந்து அரசனிடம் உரைக்கின்றனர். நினக்கு யான் செய்யத்தக்கது யாது என்று அரசன் வினவ, சிறையை ஒழித்து அறவோர் வாழும் கோட்டமாக்குக என்பதொன்றே அவள் வேண்டுகோள். சிறையிலுள்ளோர் செய்த குற்றம் யாது என்று அவள் வினவவில்லை. உண்டனரா என்று மட்டுமே நோக்கினாள். பின்னர்ப் புண்ணியராசனுக்கு அறம் இன்னது என விளக்குங்கால் உணவும் உடையும் உறையுளும் அளித்தலையே அவள் அறமாகக் கூறுதல் இச்செயலுக்கு உரை போல் அமைந்துள்ளது.

இக்காதையை நாம் போற்றுங்கால், சில காதைகள் கழித்து வருவதை மறத்தல் ஆகாது. உதயகுமரன் இறந்ததும் அதே அரசன் மணிமேகலையைச் சிறை செய்யப் பணிக்கின்றான். அவள் குற்றமற்றவள். கட்டடம் அறக்கோட்டம் ஆயிற்று. ஆணை பழைய ஆணையாகவே நின்றது. இதனைக் கதைமுரண் என்று கருதுதலினும், சிறை என்பது மதிலில் இல்லை, ஆள்வோன் உள்ளத்தில் உள்ளது என்று புலவர் உணர்த்தியதாகக் கொள்ளுதலே பொருத்தம். ஒருநாள் இரக்கத்தால் கதவைத் திறந்த அரசன், தன் மகன் வளர்ந்த முறையை வினவாதவரை, மீண்டும் கதவை மூடுவான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மணிமேகலையுள் நால்வகைப் பிறழ்வு அமைந்திருத்தல் பெறப்படும். நாகரும் கல்லா இளைஞனும் கற்பிப்பார் இன்மையால் பிறழ்ந்தோர். உதயகுமரனும் ககந்தன் மைந்தரும் தடையற்ற அதிகாரத்தில் வளர்ந்து பிறழ்ந்தோர். விசுவாமித்திரனையும் அம்பலத்து வீணரையும் பசியும் வளனும் பிறழ்வித்தன. ஆபுத்திரனும் மணிமேகலையும் ஊரால் பிறழ்ந்தோர் எனப் பெயரிடப்பட்டவர். வளர்ப்புக் குறையே பிறழ்வுக்குக் காரணம் என்னும் சூத்திரம் முதல்வகைக்கு முழுதும் பொருந்தும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு பகுதியே பொருந்தும். நான்காவதற்கு அதனைப் பொருத்தினால் நாமும் ஓட்டிற் கல்லிட்டோர் வரிசையில் நிற்போம்.

சாத்தனாரின் அளவுகோல் வழக்கமன்று, பிற உயிரின் துன்பம். எச்செயல் அத்துன்பத்தை மிகுக்கின்றதோ அஃதே அவர்க்குப் பிறழ்வு. எச்செயல் அதனைக் குறைக்கின்றதோ, ஊர் அதனைத் திருட்டு என்பினும், அஃதே நெறி. ஒருவன் பிறழ்ந்தவழி அவன் எங்ஙனம் வளர்க்கப்பட்டான் என்று வினவுதல் முறையே. அவ்வினாவோடு, அவனை வளர்த்த ஊர் எத்தகையது, அவன் பிறழ்ந்ததாகச் சொல்லும் நெறி எவருக்கு நன்மை செய்வது என்னும் இருவினாக்களையும் சேர்த்து எழுப்பாத வகுப்பறை இந்நூலைப் பாதியே கற்பித்ததாகும்.